ஒருதலை

ரொட்டி வந்த பிளாஸ்டிக் பையில்
ரப்பர் பேண்டு போட்டு ஏழு உறைகள்.
கொண்டுவந்தவன் ரிமான்தாஸ்,
ஹேசல் ப்ளென்கின் காலிசெய்த வீட்டில்
இப்போது குடியிருப்பவன்.
"பிரிக்கவில்லை, உங்கள் பெயர்" என்றான்
மழையில் நின்றபடியே.
மீன் கிடங்கில் இரவு ஷிப்ட்,
ஓடிவிட்டான்.

ஆறு உறைகள் எரிவாயுக் கம்பெனியுடையவை.
முதலாவதில் அன்புள்ள ஹேசல்.
மூன்றாவதில் அன்பு போயிருந்தது.
ஐந்தாவதில் வக்கீல் வந்தார்.
ஏழாவது நீதிமன்றம்:
பிரதிவாதி பதிலளிக்கவில்லை,
ஆகவே அறுநூற்றுப் பன்னிரண்டு பவுண்டு.

பதிலளிக்கவில்லைதான்.
கேள்வி போன வீட்டில் அவள் இல்லை.
எங்கோ ஒரு அலுவலகத்தில்
அவள் தோற்றதாக முத்திரை விழுந்த நேரம்
கிரிம்ஸ்பியில் பள்ளிச் சமையலறையில்
இருநூறு பிள்ளைகளுக்கு
உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்திருப்பாள்.

நம் மொழியில் இதற்கு
ஒருதலைத் தீர்ப்பு என்று பேர்.
காதலுக்கும் அதே சொல்தான்,
அதிலாவது ஒருவர் உருகுவார்.
பழந்தமிழில் ஒருதலை என்றால்
நிச்சயம் என்றும் பொருள்.
அவளுக்குத் தமிழ் தெரியாது.
காகிதத்தின் நிச்சயம் மட்டும் புரிந்தது.

ஒரு மாதத்துக்குள் கட்டினால்
பதிவேட்டில் பெயர் இருக்காது.
பதினோரு நாள் மிச்சம்.
விட்டால் ஆறு வருடம் கிடக்கும்.
மகள் லீட்ஸில் பிடித்திருக்கும் அறைக்கு
இருபதாம் தேதி இவள்தான் ஜாமீன்;
பதிவேட்டைப் பார்த்த பிறகே
பேனாவை நீட்டுவார்கள்.

எதிர்த்தும் போகலாம்.
மனுவுக்கு முந்நூறு பவுண்டு.
சுண்டைக்காய் முழுப்பணம்,
சுமைகூலி அரைப்பணம்.
தோற்றால் இரண்டும்.
"கட்டித் தொலை" என்றாள் தங்கை ஜானிஸ்,
"தூங்கவாவது செய்வாய்."

தூங்காத இரவில்தான்
உடைந்த திரையுள்ள பழைய போனைத் தேடினாள்.
நவம்பர் மூன்று, சாவியைக் கொடுத்த நாள்,
மாடிப்படிக்கு அடியில் மீட்டர்:
நாலாயிரத்து நானூற்றுப் பதினேழு.
பில் தொடங்குவதும் அதே எண்ணில்.

நாலரை மணிக்கு மனுவை நிரப்பினாள்.
ஏன் பதிலளிக்கவில்லை?
சுலபம், ஒரே வரி.
உங்கள் எதிர்வாதம் என்ன?
அந்த வாயுவை எரித்தது நானில்லை
என்று எழுதி நிறுத்தினாள்.
இல்லை என்ற சொல்லுக்குப் பின்னால்
ஒருவன் நின்றான்
மழையில், ரொட்டிப் பையோடு.

அவன் அதைக் குப்பையில் போட்டிருக்கலாம்.
நான்கு மாதம் சேர்த்துவைக்காமல்
முதல் வாரமே கொண்டுவந்திருக்கலாம்.
இரண்டையும் நினைத்தாள்,
இரண்டாவதற்குக் கொஞ்சம் கோபமும் பட்டாள்.

சனிக்கிழமை
தன் பழைய கதவைத் தானே தட்டினாள்.
இந்த வழக்கில்
ஒருவர் பெயரை எழுதுமுன்
ஒருவர் வந்து தட்டியது
அதுதான் முதல் தடவை.

ரிமான்தாஸ் படத்தைப் பார்த்தான்.
படிக்கு அடியில் குனிந்து மீட்டரையும் பார்த்தான்.
வெகுநேரம் நிமிரவில்லை.
"வாடகையோடு சேர்த்தி என்றான் ஏஜென்ட்"
என்றாள் அவன் மனைவி யூர்கிதா,
ஈரச் சுவரை விட்டுத் தள்ளி
குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு.
யாரும் யாரையும் நம்பாத
ஒரு நிமிடம் இருந்தது.
பிறகு அவன் உள்ளே போய்
நூற்றைம்பது பவுண்டை எண்ணி வைத்தான்,
மனுக் கட்டணத்தில் பாதி.
"எழுதுங்கள்" என்றான்,
"அந்த ஏஜென்ட் பெயரையும் சேர்த்து."

ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னான்.
ஒவ்வோர் எழுத்தாக எழுதினாள்.
"கடைசியில் ஒரு எஸ் உண்டு,
இங்கே எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்."

இருபதாம் தேதிக்குள் முடியாது
என்பது இருவருக்கும் தெரியும்.
லீட்ஸுக்கு எப்படிச் சொல்வது
என்று யோசித்துக்கொண்டிருக்கையில்
அடுப்பில் கெட்டில் கூவியது.
மூவரும் மாடிப்படியைத்
திரும்பிப் பார்த்தார்கள்.